ஒன்றும் செய்யத் தேவையில்லாத புற்றுநோய்

எனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்ன டொக்டர், அடுத்த மூச்சிலேயே அதற்கு இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் சொன்னார். இரண்டு வசனத்துக்கும் நடுவில் அந்தப் பெண் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதல் வசனத்தில் பாதி செத்தவன், இரண்டாவதில் அரைகுறையாகத் திரும்பி வந்து கதிரையில் நெளிந்துகொண்டிருந்தேன். ஒன்றில் முழுதாகப் பயப்படுத்து, இல்லையென்றால் விடு. இதென்ன பாதிப் பயம் என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் டக் போட்டில் இஞ்சின் பார்ப்பவன். பெரிய கப்பல்கள் தாமாக வந்து இறங்குதுறையில் ஒட்டமாட்டா. எங்கள் சின்னப் படகுதான் அவற்றை இழுத்தும் முட்டித் தள்ளியும் கொண்டுவந்து சேர்க்கும். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோரையும் நெஞ்சுப் படம் எடுக்க அனுப்புவார்கள். அந்த வருடப் படத்தில் என் வலது நுரையீரலின் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது.

நியூமோனியா என்று குளிசை தந்தார்கள். குளிசை முடிந்தது, வெள்ளை முடியவில்லை. வேறு நிறத்தில் பெரிய குளிசை தந்தார்கள். அதற்கும் அது அசையவில்லை. பிறகு கசமாக, அதுதான் டி.பி.யாக, இருக்கும் என்று மூன்று நாள் காலைச் சளி கேட்டார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை, இளைப்பு இல்லை, சளி என்ற சாமானே இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வரட்டு இருமல். விடியக்காலையில் கிணற்றடியில் நின்று, அவர்கள் தந்த சின்னக் கிண்ணத்துக்குள் காறிக் காறிப் பார்த்தேன். “ஒரு கிண்ணம் நிரப்பத் தெரியாத மனிசன் கப்பல் இழுக்கிறாராம்” என்று மனைவி குசினியிலிருந்து ஏசினாள். அவளுடைய ஏச்சுத்தான் எங்கள் வீட்டுக் காலைச் செய்தி. நான் அதைக் கேட்டுக்கொண்டே பல்லும் தீட்டிவிடுவேன்.

கசமும் இல்லையென்றானதும் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மூக்கால் குழாய் விட்டு நுரையீரலில் கடுகளவு சதை எடுத்தார்கள். அந்தக் கடுகைப் படித்து முடிக்க அவர்களுக்குப் பல வாரம் பிடித்தது. மறுபடி போனபோதுதான் அந்த இரண்டு வசனமும்.

டொக்டர் சின்ன வயதுக்காரி. பொறுமையாகத்தான் விளக்கினார். “இரத்தத்தில இருக்கிற ஒரு வகை வெள்ளைக் கலம் இது. கிருமி வந்தா அடிக்கிறதுதான் அதுகளின்ர வேலை. உங்கட நுரையீரலில அதுகள் தேவையில்லாமப் பெருகி ஒரு இடத்தில குவிஞ்சு கிடக்கு. லிம்போமா எண்டு சொல்லுறது. ஆனா இது சோம்பேறி வகை. சில பேருக்கு வருசக்கணக்கா அசையாது.”

காவல்காரர் தேவைக்கு மேல் ஓரிடத்தில் குவிந்தால் என்ன நடக்கும் என்று யுத்தம் பார்த்த திருகோணமலைக்காரனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த அளவில் நோய் எனக்கு உடனே விளங்கிவிட்டது. மருந்து ஏன் இல்லை என்பதுதான் விளங்கவில்லை.

“நாலு மாதத்தில திரும்பப் படம் எடுப்பம். வளர்ந்திருந்தா மருந்து தொடங்குவம். வளராட்டி ஒண்டும் வேண்டாம். அதுக்குள்ள காய்ச்சல், உடுப்பு நனையிற வியர்வை, காரணமில்லாம எடை குறையிறது, இப்பிடி ஏதும் வந்தா உடன வாங்கோ” என்றார்.

இதெல்லாம் நடந்தபோது மனைவி வெளியே கிளினிக் கொப்பிக்கு முத்திரை குத்துவிக்கும் வரிசையில் நின்றாள். அவள் மூச்சுவாங்க உள்ளே வந்தபோது நான் எழும்பிவிட்டேன். டொக்டர் அவளைப் பார்த்து, நல்ல மனதோடு, சிரித்த முகத்தோடு, “வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா” என்றார்.

வந்த வினை அந்த வசனத்தில்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்காரர் அப்படிச் சொன்னால் ஒரே ஒரு பொருள்தான். இனி எங்களால் ஏலாது, கொண்டுபோய் வீட்டுக் கட்டிலில் சாகவிடுங்கள். என் மாமனாரையும் இதே வார்த்தை சொல்லித்தான் அனுப்பினார்கள். வரும் வழியிலேயே, ஆள் கந்தளாயைத் தாண்டவில்லை. அந்த வான் வண்டிக்குள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் என் மனைவி. டொக்டர் சிரித்ததுகூட அவளுக்கு இரக்கச் சிரிப்பாகத்தான் தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் எனக்கு யன்னல் பக்கத்து இருக்கையைத் தந்தாள். கலியாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் அந்த இருக்கையை அவள் எனக்கு விட்டுத் தந்ததில்லை. “இஞ்சேர், அது ஆபத்தில்லாத வகையாம். மருந்தே தேவையில்லையாம்” என்றேன். அவள் என் கையைத் தடவி, “ஓம், ஓம், நீங்கள் கதையாதேங்கோ, களைக்கும்” என்றாள். நான் விளக்க விளக்க, இந்த மனிசன் எனக்கு ஆறுதல் சொல்லப் பார்க்குது என்றே அவள் முடிவெடுத்தாள். தம்பலகாமத்தைத் தாண்டும்போது நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேலைத்தலத்தில் அடுத்த படம் வரும்வரை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். சும்மா இருக்க என்னால் ஏலாது. மூன்றாம் நாள் கூரையில் ஏறி உடைந்த ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கோயில் செபக்கூட்டத்துப் பெண்கள் ஆறு பேர் திராட்சைப் பழமும் மால்ட் பேணியும் தூக்கிக்கொண்டு, முகங்களைத் தயாராகத் தொங்கப்போட்டபடி படலையைத் திறந்தார்கள். நான் மேலே நின்று, “வாங்கோ, இருங்கோ, இந்தா இறங்கிறன்” என்றேன். ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அதில் மூத்தவர் என் மனைவியிடம் திரும்பி, “டொக்டர்மார் கைவிட்ட மனிசனைக் கூரையில ஏத்தி வேலை வாங்கிறியே, உனக்கு நெஞ்சில ஈரமில்லையோ பிள்ளை?” என்றார்.

நான் விழுந்திருந்தால்கூட என் மனைவிக்கு அவ்வளவு நொந்திருக்காது. அன்றிலிருந்து சட்டம் போட்டாள். பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை வரை நான் முன்னறைக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். வெள்ளை விரிப்பு, நெஞ்சு வரை போர்வை. மற்ற நேரம் என்னவும் செய்யலாம், ஆனால் வளவின் பின்பக்கம். நான் விறகு கொத்திவிட்டு, கைகால் கழுவி, நோயாளியாகப் போய்ப் படுப்பேன்.

கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் மருந்து இல்லையென்பது அடுத்த சிக்கல். வருபவர்கள் முதலில் மேசையைத்தான் பார்ப்பார்கள். வெறும் மேசை என்றால் என்னைக் கவனிக்கவில்லை என்று கதை வரும். மனைவி தன்னுடைய பிறஷர் குளிசை, பழைய இருமல் பாணி, கண்ணில் விடும் துளிமருந்து எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். வந்தவர்கள் அவற்றைப் பார்த்து, “எத்தினை மருந்தைத்தான் குடிப்பார் பாவம்” என்று உச்சுக்கொட்டினார்கள். இரத்த அழுத்தம் எனக்கில்லை, அவளுக்குத்தான் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் அது ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பங்குச் சுவாமியும் வந்தார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். “சுவாமி, நான் சாகேல்லை” என்று மெல்லச் சொன்னேன். “இது சாகிறவைக்கு மட்டுமில்லை மகன், நோயாளர் ஆருக்கும் பூசலாம்” என்று அவரும் மெல்லச் சொன்னார். அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. சுற்றி நின்ற பெண்களுக்கு எண்ணெய் மட்டும்தான் தெரிந்தது. அழுகை படலை வரை கேட்டிருக்கும்.

எடை குறைகிறதா என்று பார்க்கும்படி டொக்டர் சொன்னதையும் வீட்டில் சொல்லியிருந்தேன்; அதை மட்டும் மனைவி தவறாமல் செய்தாள். சின்ன மெஷினில் அவளுக்கு நம்பிக்கையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பலகாமத்தில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்குப் போய், நெல் மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றுவாள். மச்சான் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு என்னை நிற்கவைப்பான். நான் இறங்க, அடுத்த மூட்டை ஏறும். பார்க்க வந்தவர்களின் மால்ட்டும் கேக்கும் கோழியும் தின்று எனக்கு வாராவாரம் எடை கூடியது. நான் வெற்றியோடு அவளைப் பார்த்தேன். “நீர் கட்டத் தொடங்கிட்டுது” என்று அவள் தம்பியின் காதுக்குள் சொன்னாள். மெலிந்தாலும் சாவு, கொழுத்தாலும் சாவு என்றால் மனிதன் என்னதான் செய்வது?

இரண்டாம் மாதத்தில் ஒரு பின்னேரம் எங்கள் டக்கின் கப்டன் தனியாக வந்தார். கிண்ணியாக்காரர், என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு தயிர்ச்சட்டி. இருமல்காரனுக்குத் தயிர் ஆகாது என்று ஊரில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் வந்தவர்களில் பாதிப்பேர் தயிரோடுதான் வந்தார்கள். இவனுக்கு இனி ஆகாததென்று என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான்.

அவர் கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். “தம்பி, ஒரு விசயம் சொல்லணும். நெஞ்சுக்குள்ள வச்சிக்கிட்டு இருக்க ஏலாது” என்றார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் பழைய டக் இறங்குதுறைச் சுவரில் போய் மோதியது. டக்கில் மேலே கப்டன் மணியடிப்பார், கீழே நான் இஞ்சினைப் பின்னுக்குப் போடவேண்டும். மணி கேட்டும் நான் பிந்திவிட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். இஞ்சினில் பிழை இருக்குமோ என்று மூன்று நாள் கழற்றித் தேடினார்கள். பிழை இல்லையென்றதும் பிழை நானானேன். வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை.

“அண்டைக்கு நீங்க பிந்தல்ல தம்பி. நான்தான் மணிய பிந்தி அடிச்சன். போன் பேசிக்கிட்டு நிண்டன்” என்றார் கப்டன்.

பதவி உயர்வு போனதைக்கூட விடலாம். அவர் எழுதியதை நானே நம்பியிருந்தேன். ஒன்பது வருடமாக ஒவ்வொரு மணிக்கும் என் கை பிந்திவிடுமோ என்று பயந்து பயந்து வேலை செய்திருக்கிறேன். என் கையை நானே நம்பாமல் போனேன். அந்தத் தயிர்ச்சட்டியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நானோ நெஞ்சு வரை போர்த்தியிருக்கும் சாகப்போகிற ஆள். சாகப்போகிறவன் சட்டி எறிந்தான் என்ற வரலாறு எங்கள் ஊரில் இல்லை. கோபம் இருமலாக வந்தது. அதை அவர் மனம் இளகியதாக எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, “அல்லாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க தம்பி” என்று விம்மினார்.

“பொறுத்திட்டன் நானா” என்றேன். ஆளை எழுப்பி அனுப்ப வேறு வழி தெரியவில்லை.

அவர் படலையைத் தாண்டியதும் எழும்பிக் கட்டில் காலை எட்டி உதைத்தேன். கட்டிலுக்கு ஒன்றுமில்லை, என் பெருவிரல் வீங்கிவிட்டது. மறுநாள் மனைவி அந்த விரலைக் கண்டாள். “கால் வீங்கத் தொடங்கிட்டுது” என்று தம்பிக்குப் போன் பண்ணினாள்.

அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை கப்டன் சுகம் கேட்டுப் போன் எடுத்தார். நான் கொஞ்சம் சுகம் என்றால் அவர் குரல் இறங்கும். ஏலாமல் இருக்கிறது என்றால் அன்பாகப் பேசுவார். அவரிலும் பிழையில்லை. சாகிறவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் பிழைத்து வந்தால் அந்த மனிதர் மேலே நின்று எந்த முகத்தோடு மணியடிப்பார்? என் சாவில் எத்தனை பேருடைய நிம்மதி தங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோது, சாகாமல் விடுவதே பண்பில்லாத வேலை போலப் பட்டது.

சிரித்துக்கொண்டுதான் இதையெல்லாம் பார்த்துவந்தேன். மூன்றாம் மாதத்தில் சிரிப்பு நின்றது. ஊர் முழுவதும் ஒன்றைச் சொல்ல, டொக்டர் ஓராள் மட்டும் வேறொன்று சொன்னால் யாரை நம்புவது? டொக்டர்மார் நோயாளியிடம் மறைப்பது தெரியாத கதையா? மனைவி வந்த நேரத்தில் அவளிடம் கண்ணால் ஏதும் சொல்லியிருந்தால்? நாலரைக்கு முன்பே நானாகப் போய்ப் படுக்கத் தொடங்கினேன். மூச்சை இழுத்து, வலது பக்கத்தில் அது எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. சாக எனக்கு விருப்பமே இல்லை. மறுபடி இஞ்சின் அறைக்குள் இறங்கி, மணி கேட்டு, சரியான நேரத்தில் கையைப் போட்டு, மேலே ஏறி வந்து அந்தக் கப்டனோடு வாய்நிறையச் சண்டை பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அடுத்த படத்தில் அந்த வெள்ளை வளர்ந்திருந்தால் அவ்வளவும் போய்விடும்.

மனைவியோ என்னை ஏசுவதை விட்டுவிட்டாள். மீனில் முள்ளெடுத்துத் தந்தாள். சேர்ட் பொத்தானைத் தானே பூட்டிவிட்டாள். என் முன்னால் ஒருநாளும் அழவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமாக இருந்தது.

நாலாம் மாதம் கண்டிக்குப் போய்ப் படம் எடுத்தோம். இந்த முறை அவள் என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் கொம்பியூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

“அப்பிடியே இருக்கு. கொஞ்சமும் வளரேல்லை. நல்லது. இனி ஆறு மாதத்தால வந்தாப் போதும்” என்றார்.

“மருந்து?” என்று கேட்டாள் மனைவி.

“தேவையில்லை அம்மா. வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “டொக்டர், ஒரு குளிசையாவது தாங்கோ. சும்மா ஒரு குளிசை. என்ர அப்பாவையும் இப்பிடித்தான் சொல்லி அனுப்பினவை. இவரையும் கைவிடாதேங்கோ டொக்டர்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டில், மேசை, எண்ணெய், நெல்லுத் தராசு எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். கப்டனை மட்டும் சொல்லவில்லை. டொக்டர் பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்து மனைவியைக் கதிரையில் இருத்தினார்.

“அம்மா, ஏலாமல் போய் நான் இவரை அனுப்பேல்லை. மருந்து குடுத்தா மருந்தாலதான் இவருக்கு இப்ப கரைச்சல். குடுக்காட்டி இவர் சும்மா சுகமா இருப்பார். கன வருசம் இருக்கக்கூடும். கடைசியில வேற ஏதும் நோய் வருத்தத்திலதான் போவாரோ தெரியாது.”

“எத்தினை வருசம்?”

“அது எனக்குத் தெரியாதம்மா. உங்களுக்கு எத்தினை வருசம் எண்டும் எனக்குத் தெரியாதே.”

வெளியே வந்து மரவாங்கில் இருந்தோம். இருந்ததும் அவள் படம் வைத்த பெரிய உறையால் என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

“நாலு மாசமா ஒவ்வொரு நாளும் உங்களை அனுப்பி அனுப்பிப் பழகினனான். நீங்கள் இல்லாம எப்பிடி இருக்கிறதெண்டு எல்லாம் யோசிச்சு முடிச்சிட்டன். தம்பியின்ர வளவில எனக்கு ஒரு அறைகூடக் கேட்டு வைச்சாச்சு. இப்ப வந்து இருக்கப்போறன் எண்டு நிக்கிறியள்” என்றாள். சொல்லி முடிக்கவில்லை, அழத் தொடங்கிவிட்டாள். நான் சாகப்போகிறேன் என்று நம்பிய நாலு மாதமும் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நான் இருக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்க அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அவள் அழுது முடிந்ததும், “தம்பிக்குப் போன் எடுத்து அந்த அறை வேண்டாமெண்டு சொல்லிவிடு” என்றேன்.

“இப்ப சொல்லமாட்டன்” என்றாள் மூக்கைத் துடைத்தபடி. “ஆறு மாதத்தால படம் பாத்திட்டுச் சொல்லுவம்.”